பசுவை ஏமாற்றிய வழக்கு

முனியாயியின் கன்று ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை கழிச்சல் கண்டு செத்தது. ஊரில் எல்லோரும் அதை நம்பினார்கள். நம்பாதவர்கள் இரண்டே பேர். ஒருத்தி கன்றின் தாய், இன்னொருவர் அரசாங்கம். தாயைச் சமாளிக்க முனியாயிக்கு வழி தெரிந்திருந்தது.

மலைமேல் வாழவந்தி நாட்டில் கறவை மாட்டின் கன்று செத்தால் வழக்கமாகச் செய்வதைத்தான் அவளும் செய்தாள். பக்கத்துக் காட்டுச் சின்னான் வந்து தோலை உரித்தார். உப்பும் சாம்பலும் தடவி நிழலில் காயப்போட்டார். உள்ளே வைக்கோலைத் திணித்துச் சாக்கு ஊசியால் தைத்தார். காலுக்கு நான்கு மூங்கில் குச்சிகள் வைத்து நிற்க வைத்தார். அதைக் கொண்டுபோய் முகத்துக்கு நேரே நிறுத்தினால் செவலைப் பசு இரண்டு தரம் முகர்ந்து பார்க்கும். பிறகு நக்கத் தொடங்கும், பால் சுரக்கும். கன்று இல்லாவிட்டால் ஒரு சொட்டு விடாது. மடி கல்லாகிக் காய்ச்சல் வந்து மாடே போய்விடும்.

செவலை போவதை நினைத்தாலே முனியாயிக்குக் கைகால் ஓடாது. பிறந்த அன்றே தாயை இழந்த மாடு அது. இவள்தான் துணியைப் பாலில் நனைத்து நனைத்து வாயில் பிழிந்து வளர்த்தாள். மிளகு பறிக்க ஏறிய ஏணியிலிருந்து கணவன் விழுந்து செத்த பிறகு அந்த வீட்டில் மூச்சு விடுவது அவளும் செவலையும் மட்டும்தான்.

தைக்கும்போது சின்னான் ஒன்று கேட்டார். கன்றின் இடது காதில் மஞ்சள் வில்லை ஒன்று தொங்கியது. அதில் பன்னிரண்டு எண்கள் இருந்தன. போன மாதம் நடந்த கால்நடை முகாமில், கணக்குக்கு ஒரு காது குறைகிறது என்று பிறந்து எட்டே நாளான கன்றைப் பிடித்து மாட்டிவிட்ட தோடு அது.

“இதை அறுத்துப் போட்டுறட்டுமா?”

“வேண்டாங்கண்ணா. அது சர்க்காரு தோடு. கழட்டினா ஜெயிலுன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. காதோட வச்சே தைச்சிருங்க.”

“மனுசி செத்தாலே தோட்டைக் கழட்டிட்டுத்தான் தூக்கறாங்க. நீ கன்னுக்குப் போட்டு அழகு பாக்கறே” என்றார் சின்னான். ஆனாலும் காதோடு வைத்துத் தைத்தார். முனியாயியின் துன்பமெல்லாம் அந்த ஒரு தையலில் தொடங்கியது.

செம்மேட்டில் உரக்கடைக்கு மேல்மாடியில் புதிதாக ஓர் அலுவலகம் வந்திருந்தது. கால்நடை இறப்புக் கண்ணியக் கண்காணிப்புப் பிரிவு என்று பலகை. பலகை நீளமாக இருந்ததால் கடைசி இரண்டு சொற்கள் பக்கத்துச் சுவரில் இருந்தன. அங்கிருந்து களப்பணியாளர் ரமேஷ்குமார் ஒரு மழை நாளில் வந்தார். தோளில் ஊசி மருந்துப் பெட்டி, கையில் போன். கொட்டகைக்குள் அரை இருட்டு. அவர் போனைக் கன்றின் காது வில்லையருகே காட்டினார். அது ஒரு சத்தம் கொடுத்தது.

“உயிரோட இருக்குன்னு வருது” என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முனியாயி வாயைத் திறந்தாள்.

“மேல்காட்டுல ஒருத்தருங்க, கன்னு செத்து நாலு நாள் கழிச்சுச் சொல்றாரு. இருபத்து நாலு மணி நேரத்துல சொல்லணும்னு சட்டம் இருக்கு. இப்ப அலையறாரு பாவம்.”

முனியாயி வாயை மூடிக்கொண்டாள்.

ரமேஷ்குமார் எடை காட்டும் நாடாவை எடுத்து வைக்கோல் கன்றின் மார்பைச் சுற்றி அளந்தார். பதினெட்டு கிலோ என்று போனில் பதிந்தார். கழுத்தில் ஊசியைக் குத்தினார். மருந்து வைக்கோலுக்குள் போனது.

“துள்ளவே இல்லீங்களே. நல்லாப் பழக்கி வச்சிருக்கீங்க.”

“சாதுங்க சாமி” என்றாள் முனியாயி.

அடுத்த மாதமும் வந்தார். அதே நாடா, அதே பதினெட்டு, இன்னோர் ஊசி. அதற்கு அடுத்த வாரம் தபாலில் ஒரு நோட்டீஸ் வந்தது. எழுத்துக் கூட்டி அவளே படித்தாள். மேற்படி கன்றின் எடை இரு மாதங்களாகக் கூடாததால், உரிமையாளர் அதை வேண்டுமென்றே பட்டினி போட்டு வதைத்ததாகக் கருத இடமுள்ளது என்றும், நேரில் வந்து விளக்காவிட்டால் கைது செய்யப்படலாம் என்றும் இருந்தது. கைது என்ற இடத்தில் முத்திரை விழுந்து மை கலங்கியிருந்தது. அதனால் அந்தச் சொல் இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

துணைக்கு அடுத்த வீட்டுச் சென்னம்மாளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். சென்னம்மாள் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள்.

“திங்காத கன்னைப் பட்டினி போட்டேன்னு புடிக்கறாங்க. பேசாம நாலு பிடி வைக்கோலைச் சேத்துத் திணிச்சிருந்தீன்னா உனக்குப் பரிசு குடுத்திருப்பாங்க.”

“சும்மா இரு அக்கா.”

கண்ணிய அலுவலர் அர்த்தனாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். உட்காரச் சொன்னார். ரமேஷ்குமார் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். முனியாயி எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று வந்திருந்தாள். சொன்னாள்.

“அது செத்துப் போச்சுங்க சாமி. ஆனி மாசமே.”

அர்த்தனாரி கணினியைப் பார்த்தார். “இதுல அப்படி இல்லையேம்மா.”

“என் கண்ணால பாத்தனுங்க.”

“நீங்க பாத்தது உங்க பார்வை. இது துறையோட பார்வை.” அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “எங்க நோக்கம் என்ன தெரியுமா? இந்த மலையில ஒரு உயிரும் கண்ணியமில்லாம சாகக் கூடாது. பிரிவு தொடங்கிப் பதினாலு மாசம் ஆச்சு. இதுவரைக்கும் ஒரு இறப்புகூடப் பதிவாகலை. ஆடு, மாடு, கோழி, ஒண்ணுகூட. மேலதிகாரிங்க கூட்டத்துல எழுந்து நின்னு கைதட்டினாங்க. இத்தனை பேர் உழைப்பை நீங்க ஒருத்தி வந்து கெடுக்கணுமா?”

“நான் கெடுக்கலீங்க. அதுவா செத்துதுங்க.”

“இவர் ரெண்டு தடவை ஊசி போட்டிருக்காரு. செத்ததுக்குப் போட்டாருன்னு சொல்றீங்களா?”

ரமேஷ்குமார் முனியாயியைப் பார்த்தார். அவர் கண்ணிலும் அவளுக்கிருந்த அதே பயம் தெரிந்தது. அவருக்கும் வீட்டில் யாரோ காத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு அவள் தலையைக் குனிந்தாள்.

“சரி, செத்துதுன்னே வச்சுக்குவோம்” என்றார் அர்த்தனாரி. “செத்ததை எதுக்கு நிக்க வச்சீங்க?”

“பால் விடறதுக்குங்க.”

“நாம செத்தா நம்மளைப் படுக்க வைப்பாங்களா, நிக்க வைப்பாங்களா?”

“படுக்கத்தானுங்க வைப்பாங்க.”

“எழுதிக்கங்க ரமேஷ். இறந்த உயிரை மூன்று மாத காலம் படுக்க விடாமை.” பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். “மாட்டுக்குத் தெரியுமா?”

“எதுங்க?”

“அது வைக்கோலுன்னு.”

முனியாயி இதுவரை அதை யோசித்ததில்லை. தெரியும் என்று சொன்னால் நல்லதா, தெரியாது என்று சொன்னால் நல்லதா என்று புரியாமல் சென்னம்மாளைப் பார்த்தாள். சென்னம்மாள் ஜன்னல் வழியாக உரமூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதுதாம்மா வழக்கே” என்றார் அர்த்தனாரி. “ஒரு தாயை ஏமாத்திப் பால் கறந்தீங்களா இல்லையா? திங்கக்கிழமை நேர்ல வந்து பாக்கறோம்.”

திங்கட்கிழமை ஜீப்பில் மூன்று பேர் வந்தார்கள். மூன்றாமவர் கீழேயிருந்து வரவழைக்கப்பட்ட விலங்கு நடத்தை மதிப்பீட்டாளர் கலைச்செல்வி. நாற்பது கேள்விகள் அச்சடித்த படிவம் அவர் கையில் இருந்தது. கேள்விகள் மாட்டுக்கானவை. முக்காலியைப் போட்டுக் கொட்டகைக்குள் உட்கார்ந்தார்.

“வழக்கமா எப்படிச் செய்வீங்களோ அப்படியே செய்யுங்க. நாங்க இருக்கறதை மறந்துருங்க.”

முனியாயியால் எப்படி மறக்க முடியும்? உப்புத் தண்ணீரைக் கன்றின் முதுகில் தெளிக்கும்போது பாதி அவள் புடவையில் கொட்டியது. கன்றை நிறுத்தினாள். செவலை முகர்ந்தது, நக்கியது. மெல்ல ஒரு குரல் கொடுத்தது.

கலைச்செல்வி எழுதினார். “தாய்மை உணர்வு தெரிகிறது. முழுசா ஏமாந்திருக்கு. பாவம், பாதிக்கப்பட்ட பசு.”

அர்த்தனாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்போது கன்றின் கழுத்துத் தையல் கொஞ்சம் விட்டிருந்த இடத்தில் செவலை மூக்கை நுழைத்தது. ஒரு பிடி வைக்கோலை உருவியது. நின்று நிதானமாக மென்று தின்றது.

செவலை இன்னொரு பிடி உருவியது.

“தெரிஞ்சிருக்கு சார்” என்றார் கலைச்செல்வி.

“எவ்வளவு நாளா?”

“மெல்லற விதத்தைப் பாத்தா ரொம்ப நாளாவே.” பழைய வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். “அப்படின்னா ஏமாற்றத்துக்கு மாடும் உடந்தை.”

முனியாயிக்கு ஒரு கணம் நம்பிக்கை வந்தது. “அப்ப நான் ஏமாத்தலைன்னு ஆச்சுங்களா?”

அர்த்தனாரி பொறுமையாக விளக்கினார். மாட்டுக்குத் தெரியாதென்றால் அது பாதிக்கப்பட்ட மாடு, ஏமாற்றியவளோடு விட்டுவைக்க முடியாது. தெரியுமென்றால் அது உடந்தை, இரண்டு குற்றவாளிகளை ஒரே இடத்தில் விட்டுவைக்க முடியாது. எப்படியானாலும் மாட்டைக் கீழே சமவெளியில் இருக்கும் பாதுகாப்புக் கொட்டிலுக்கு அனுப்பியாக வேண்டும்.

“கீழ வேண்டாங்க சாமி.” முனியாயி அவர் காலைத் தொடப் போனாள். “இது மலையிலயே பொறந்த மாடுங்க. அந்த வெயிலைத் தாங்காது. ஒரு மாசத்துல செத்துருமுங்க.”

“பயப்படாதீங்கம்மா” என்றார் அர்த்தனாரி. “எங்க கொட்டில்ல இதுவரைக்கும் ஒரு மாடு செத்ததாகூடப் பதிவு இல்லை.”

அதைக் கேட்ட பிறகுதான் முனியாயிக்கு உண்மையில் பயம் பிடித்தது.

வைக்கோல் கன்றைச் சாக்கில் சுற்றி அரக்கு முத்திரை வைத்து ஜீப்பில் ஏற்றினார்கள். செவலை ஜீப்பில் ஏறாது என்பதால் ரமேஷ்குமார் நடத்திக் கூட்டிப் போனார். உண்மையில் செவலை ஜீப்பின் பின்னால் தானாகவே ஓடியது. கன்று அதற்குள்தான் இருக்கிறது என்று அதற்குத் தெரிந்திருந்தது.

லாரி வெள்ளிக்கிழமை வரும் என்றார்கள். அதுவரை செவலையை உரக்கடைக்குப் பின்னால் பலா மரத்தடியில் கட்டியிருந்தார்கள். முனியாயி குற்றம் சாட்டப்பட்டவள், பத்தடிக்குள் வரக் கூடாது என்று கயிறு கட்டிவிட்டார்கள். அவள் தினமும் முதல் பஸ்ஸில் வந்து கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றாள். செவலை அவளைப் பார்த்துக் கத்தியது. நாள் முழுக்கக் கத்தியது. மேல்மாடியில் யாராலும் போன் பேச முடியவில்லை. ரமேஷ்குமார் கறக்கப் போனார். முதல் உதை பாத்திரத்துக்கு, இரண்டாவது அவருக்கு.

“மடியைப் பாரு முனியாயி” என்றாள் சென்னம்மாள். இந்தத் தடவை அவள் கேலி பேசவில்லை. “கல்லாட்டம் ஆயிருச்சு. இன்னும் ஒரு நாள் தாங்காது.”

“ஏனுங்க, அந்தக் கன்னை மட்டும் செத்த நேரம் குடுங்க” என்று முனியாயி மாடிப்படியில் நின்று கெஞ்சினாள். “கறந்துட்டுத் திருப்பிக் குடுத்துடறனுங்க.”

“அது தடயம்மா” என்றார் அர்த்தனாரி. “தடயத்தை நக்க விட முடியாது.”

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு லாரி வந்து பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. முனியாயி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டிரைவர் அனுப்புச் சீட்டு கேட்டார். ரமேஷ்குமார் மேலே போனார். வெகு நேரம் கழித்துக் கீழே வந்து, முனியாயியை மேலே வரச் சொன்னார்.

சீட்டு வரவில்லை. தாய்க்குப் பால் குடிக்கும் கன்று உயிரோடு இருப்பதால் தாயைப் பிரித்து அனுப்ப இயலாது என்று கணினி சொல்லிவிட்டது.

“கன்று இறந்துடுச்சுன்னு பதிஞ்சா சீட்டு வந்துரும் சார்” என்றார் ரமேஷ்குமார்.

அர்த்தனாரி சுவரைப் பார்த்தார். அங்கே கைதட்டல் வாங்கிய நாளின் படம் மாட்டியிருந்தது. “முதல் இறப்பை என் கையால பதியச் சொல்றியா?”

“பதியலைன்னா மாட்டைக் கன்று இருக்கற விலாசத்துக்கே திருப்பி அனுப்பணும் சார். அதுக்குக் கன்று நேர்ல ஆஜராகணும்.”

“கன்று முத்திரை வச்ச சாக்குல இருக்கு. வழக்குப்படி அது செத்தது. செத்தது எப்படி ஆஜராகும்?”

கீழே செவலை கத்தியது. கட்டடமே கத்துவது போல் இருந்தது.

ரமேஷ்குமார் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். “கணினி எண்ணைத்தான் சார் கேக்குது. அந்த எண்ணுக்கு யாருன்னு கேக்கலை.”

இருவரும் முனியாயியைப் பார்த்தார்கள். அவளுக்கு விளங்கச் சற்று நேரம் ஆனது. விளங்கியதும் சேலைத் தலைப்பை இழுத்து இரண்டு காதையும் மூடிக்கொண்டாள்.

“இதுல கண்ணியக் குறைவு ஒண்ணும் இல்லைம்மா” என்றார் அர்த்தனாரி. “யோசிச்சுப் பாத்தா, மாட்டை விட்டு இருக்க முடியாம நாலு நாளா வாசல்ல நிக்கறது யாரு? நீங்கதானே? எங்க விதியில கன்றுன்னா அதுதான் அர்த்தம்.”

“மாட்டை விட்டுருவீங்களாங்க?”

“தாயையும் கன்றையும் பிரிக்க மாட்டோம். அது சட்டம்.”

“அப்படின்னா எழுதிக்கங்க சாமி.”

உரக்கடைத் தராசில் அவளை ஏற்றினார்கள். நாற்பத்தேழு கிலோ. அர்த்தனாரி கணினியில் பதிந்துவிட்டு முதல் முறையாகச் சிரித்தார். “ஒரே மாசத்துல இருபத்தொன்பது கிலோ. பட்டினி வழக்கு முடிஞ்சுது. துறை தலையிட்டா எப்படித் தேறுது பாத்தீங்களா?” பிறகு, தாயை ஏமாற்றிய குற்றமும் படுக்க விடாமல் நிற்க வைத்த குற்றமும் கன்று உயிரோடு இருப்பதால் தானாகவே விழுந்துவிட்டன என்றார். சாக்கை மட்டும் பிரிக்கவில்லை. அதற்குள் இருப்பது என்ன என்று இனிமேல்தான் விசாரிக்க வேண்டும் என்றார்.

முத்திரை வைத்த சாக்கின் ஓரத்தைக் கிழித்து மஞ்சள் வில்லையை மட்டும் வெளியே எடுத்தார்கள். மேஜைமேல் காது குத்தும் கருவி இருந்தது. முனியாயி அதையே பார்த்தாள்.

“இப்போதைக்குக் கையில கட்டிக்கங்க” என்றார் அர்த்தனாரி. “மனுசக் காதுக்குத் தனியா விதி கேட்டு எழுதறேன். வர நாளாகும். ஆனா ஒண்ணு. கன்று எந்நேரமும் தாய் பக்கத்துல இருக்கணும். சொல்லாம வந்து பாப்போம். இல்லைன்னா மாடு கீழ போயிரும்.”

வெறும் லாரி கீழே இறங்கிப் போனது. செவலையை ஓட்டிக்கொண்டு முனியாயியும் சென்னம்மாளும் நடந்தே வீடு வந்தார்கள். மாடு கால்களை அகட்டி அகட்டி வைத்தது. மடி தொடையில் பட்டாலே நின்றுவிட்டது. கொட்டகைக்குள் வந்ததும் வைக்கோல் கன்று நின்ற இடத்தை முகர்ந்தது. ஒன்றும் இல்லை. கத்தியது.

“நீ போய் நில்லு” என்றாள் சென்னம்மாள், செம்பைக் கழுவியபடியே. “காயிதத்துலயே கன்னாயிட்டே, இனி என்ன வெக்கம்.”

முனியாயி பிடரியிலும் தோளிலும் உப்புத் தண்ணீரைத் தடவிக்கொண்டாள். செவலையின் முன்னால் மண்டியிட்டுக் கையூன்றிக் குனிந்தாள். சூடான மூச்சு கழுத்தில் பட்டது. ஒரு தரம் முகர்ந்தது, இரண்டாம் தரம் முகர்ந்தது. பிறகு அந்தச் சொரசொரப்பான நாக்கு அவள் பிடரியில் ஏறியது.

“விடுது” என்றாள் சென்னம்மாள். “அசையாதே, விடுது. அடி சாமி, எம்புட்டு கெட்டியா இருக்குது பாரு. கொஞ்சம் கொஞ்சமா எறங்குது.”

செம்பில் பால் விழும் சத்தம் கேட்டது. முனியாயிக்கு அழுகை வந்தது. அழுதால் தோள் குலுங்கும் என்று அடக்கிக்கொண்டாள்.

அப்போது கீழ்வளைவில் ஜீப் சத்தம். சென்னம்மாளின் கை நின்றது. சத்தம் ஏறி வந்தது. வேலிப் பக்கம் வந்து வேகம் குறைந்தது. முனியாயி கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சையும் பிடித்துக்கொண்டாள். சற்று நேரத்தில் சத்தம் நகர்ந்து மேலே போனது.

“போயிருச்சு. வேற யாரோ” என்றாள் சென்னம்மாள். “மடியும் காலியாயிருச்சு. எந்திரி.”

முனியாயி எழவில்லை. தலையை நிமிர்த்தவும் இல்லை.

“ஏ முனியாயி, எந்திரிங்கறேன்.”

“போனது ஒண்ணுதான் அக்கா” என்றாள் அவள், உதடு அசையாமல். “வந்தப்ப ரெண்டு வண்டிச் சத்தம் கேட்டுது.”